சீல் உடையாத பெட்டி

பெட்டியின் கதவைத் திறந்த மாத்திரத்தில் ஏதோ தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே சரக்கு இடுப்பு உயரத்துக்கு இருந்தது. செம்பு அப்படி இருக்காது.

செம்பின் கனம் தெரியாதவர்களுக்கு இது புரியாது. இருபது அடி கன்டெய்னர் ஒன்றில் அது தாங்குகிற முழு எடைக்கும் செம்பை ஏற்றினாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. மேலே வெறும் காற்றுதான். முதல் தடவை பார்க்கிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று ஏமாந்துபோவார்கள். நான் எத்தனையோ பெட்டிகள் திறந்து பார்த்தவள். அன்று கதவை ஒட்டிய வரிசை மட்டும் ஒழுங்காக முழங்கால் உயரத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி என்னவோ இடுப்புவரை ஏறியிருந்தது.

ஃபோர்க்லிஃப்ட்காரர் முதல் கட்டை வெளியே எடுத்தார். அசல் செம்புத் தகடுகள். ஓரத்தில் கொப்புளம் கொப்புளமாக, அந்த இளஞ்சிவப்பு நிறத்தோடு. முதலாளி சந்தோஷமாகத் தேங்காய் உடைத்தார். முந்தின வாரம்தான் மேல்கோட்டைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, "உங்க ஊர்ப் பெருமாள்கிட்ட சொல்லியாச்சும்மா, இனிமே நமக்கு நல்ல காலம்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். மேல்கோட்டை எங்கள் பூர்வீகம். பெருமாள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவரா சரக்கை ஏற்றினார்?

தார்ப்பாயை விலக்கினார்கள். இரும்புப் பட்டை போட்டுக் கட்டிய கனத்த பலகைகள். செம்பு நிறத்தில்தான் இருந்தன, ஆனால் அச்சில் வார்த்த மாதிரி வழவழவென்று ஒரே சீராக. நான் சாவியால் ஒன்றைச் சுரண்டினேன். பெயின்ட் பிசிராக உதிர்ந்தது. கீழே சிமென்ட் சாம்பல்.

நடைபாதையில் பதிக்கிற காங்கிரீட் பலகைகளுக்குச் சாயம் பூசி, கப்பலில் ஏற்றி, கடல் தாண்டி எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மைசூரில் செம்புக் கம்பி இழுக்கிற அந்தக் கம்பெனியில் இறக்குமதி வேலை என்னுடையது. மோட்டாருக்குள் சுற்றுகிற கம்பி, வீட்டுச் சுவருக்குள் ஓடுகிற கம்பி, எல்லாம் முதலில் இப்படித் தகடாகத்தான் வந்து சேரும். சுத்திகரித்த செம்பு. நம் நாட்டில் கிடைப்பது போதாததால் வெளியிலிருந்து வாங்குகிறோம். விலையை லண்டனில் தீர்மானிக்கிறார்கள். விற்கிறவர் ஒரு நாட்டில் இருப்பார், செம்பு இன்னொரு நாட்டில் இருக்கும், கப்பல் மூன்றாவது நாட்டுக் கொடியோடு வரும். அங்கே பெட்டியில் ஏற்றுகிறவர்களையும் இங்கே இறக்குகிற எங்களையும் தவிர, நடுவில் யாரும் செம்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. எல்லோரும் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். வங்கி, காகிதம் சரியாக இருந்தால் விற்றவருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். எங்கள் விஷயத்தில், பெட்டி நடுக்கடலில் இருக்கும்போதே கொடுத்துவிட்டது.

அந்த வருஷம் தகடுக்குத் தட்டுப்பாடு. வழக்கமாகத் தருகிறவர்கள் கைவிரித்தார்கள். வளைகுடாவில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு வியாபாரியை முதலாளி எங்கேயோ பிடித்தார். லண்டன் விலையைவிடக் கணிசமாகக் குறைத்துத் தருவதாக அவன் சொன்னான். செம்பைக் குறைத்துத் தருகிறவனை எனக்குப் பிடிக்கவில்லை. "ஏத்தற எடத்துல நம்ம ஆள் ஒருத்தர் நிக்கட்டும் சார்" என்றேன். "அதுக்குத்தான் இன்ஸ்பெக்‌ஷன் சர்டிபிகேட் இருக்கே" என்றார். எங்கள் ஆபீஸில் பேச்சு முழுக்கக் கன்னடம். புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

மொத்தம் மூன்று பெட்டிகள். ஒன்று முதலில் சென்னைத் துறைமுகத்திலிருந்து வெளியே வந்தது. மற்ற இரண்டும் அங்கேயே காத்திருந்தன. வந்த ஒன்றில் கல் இருந்தது.

முதலாளி கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டென்று திரும்பி, "டிரைவர் எங்கே?" என்றார்.

டிரைவர் கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துத் தமிழர், நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்களுக்கு லாரி தருகிற டிரான்ஸ்போர்ட்டில் நெடுநாளாக ஓட்டுகிறவர். யாருக்கும் பணிந்து பேசுகிற ரகம் இல்லை. பார்க்கிங்கில் இடம் கொடுக்காவிட்டால் எங்கள் செக்யூரிட்டியோடு சண்டை போடுவார். முதலாளி போய் அவர் சட்டையைப் பிடித்தார்.

"எங்கடா எறக்கினே சரக்கை?"

டீ கொட்டிவிட்டது. டிரைவர் முதலில் கையைத் தட்டிவிட்டார். "சட்டைய விடுங்க. நீங்கதான சீல வெட்டுனீங்க? ஒடைஞ்சிருந்துச்சா அது?" என்று தமிழில் கத்தினார். அப்புறம் அதையே கன்னடத்தில் கத்தினார்.

அவர் கேட்டதுதான் கேள்வி. அந்தப் பெட்டியில் கட்டை விரல் தடிமனில் இரும்பு போல்ட் சீல். அதன் எண்ணை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தது நான். வழக்கம்போலப் போனில் படமும் எடுத்துக்கொண்டேன். கட்டர் போட்டு இரண்டு பேர் தொங்கித்தான் அது உடைந்தது. கேட்டில் எடை போட்டோம், கப்பலில் ஏற்றும்போது இருந்த எடையேதான். துறைமுகத்தில் சுங்கத்துக்காரர்கள் பெட்டியைத் திறக்கவில்லை. ஆக, கல் எங்கே ஏறியிருக்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

ஆனால் வளைகுடாவில் இருப்பவனின் சட்டையை இங்கிருந்து எட்டிப் பிடிக்க முடியாது. கேட்டில் நிற்பவரின் சட்டையைப் பிடிக்கலாம்.

அதே மத்தியானம் வியாபாரியை வீடியோ காலில் கூப்பிட்டோம். இங்கே டிரைவரை "டா" போட்ட முதலாளி அங்கே வார்த்தைக்கு வார்த்தை "சார்" போட்டார். இதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். அந்த சார் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, ரொம்ப வருத்தப்பட்டார். "உங்கள் நாட்டில் சாலைகள் பாதுகாப்பில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த எண் அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பெங்களூரிலிருந்து வந்தார். சேதம் எப்படி நடந்தது என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. அதிகம் பேசாத மனிதர். கல்லைத் தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார். கிளம்பும்போது முதலாளி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்.

"வழியில திருட்டுப் போயிருந்தா பாலிசி குடுக்கும். சரக்கு ஏறவே இல்லேன்னா, அது உங்களுக்கும் வித்தவருக்கும் நடுவுல உள்ள விவகாரம்."

அந்த இரண்டு வாக்கியத்தில் டிரைவரின் தலையெழுத்து முடிவாகிவிட்டது. திருட்டு வேண்டும். திருட்டுக்குத் திருடன் வேண்டும்.

முதலாளி போலீஸில் புகார் கொடுத்தார். லாரி பெங்களூருக்கு முன்னால், அத்திப்பள்ளிப் பக்கம் பகல் முழுக்க நின்றிருந்ததாம், ஜிபிஎஸ்ஸில் தெரிகிறதாம். தெரியாமல் என்ன? பகலில் கனரக வண்டியை நகரத்துக்குள் விடமாட்டார்கள். எல்லா லாரியும் அங்கேதான் நிற்கும். டிரைவர்கள் தூங்குவார்கள், சமைப்பார்கள், துணி காயப்போடுவார்கள். அத்தனை பேர் நடுவில் சீலைத் தொடாமல் லாரி நிறையச் செம்பை இறக்கி, அதே எடைக்குப் பெயின்ட் அடித்த கல்லை ஏற்றிவிட்டாராம் இவர்! புகாரை டைப் செய்தவர் எனக்குப் பக்கத்து மேஜை. டைப் செய்துகொண்டே என்னைப் பார்த்தார். நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

டிரைவரை விசாரணைக்கென்று கூட்டிப்போனவர்கள் அன்று விடவில்லை. மறுநாளும் விடவில்லை.

முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"சர்வேயருக்கு நீதானேம்மா ரிப்போர்ட் எழுதறே. சீல் கொஞ்சம் லூஸா இருந்த மாதிரி தெரிஞ்சதுன்னு ஒரு வரி சேர்த்துடு."

"லூஸா இல்லையே சார்."

"மாதிரின்னுதான் எழுதச் சொல்றேன்."

"ரெண்டு பேர் தொங்கி வெட்டினாங்க சார். நீங்களே நின்னு பாத்தீங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பாரும்மா, இந்தக் கம்பெனிய நம்பி எத்தனை குடும்பம் இருக்கு? உன் குடும்பமும்தான். இன்ஷூரன்ஸ் வரலேன்னா ஷட்டர் எறக்கணும். அவன் ஒருத்தன். சாட்சி இல்லாம நாலு நாள்ல விட்டுடுவாங்க. அவனுக்கு என்ன பெரிய நஷ்டம்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் காரை அனுப்பியவர். நிஜமாகவே பயந்துபோயிருந்தார். ஆனால் தன் பயத்துக்கு இன்னொருத்தர் முதுகைக் கேட்டார்.

"நான் எழுதமாட்டேன் சார்."

அப்போதுதான் முகம் மாறியது. "தெரியும். அவன் உங்க ஆளு. தமிழன்னா விட்டுக்குடுக்கமாட்டீங்க."

என் மாமனாரின் தாத்தாவுக்கு முந்தியிலிருந்து நாங்கள் இந்த மண்ணில் இருக்கிறோம். என் மகளுக்குக் கன்னடத்தில்தான் கனவே வருகிறது. எங்கள் வீட்டுத் தமிழைக் கேட்டால் ஹனூர்க்காரர் சிரிப்பார், அவர் தமிழ் எனக்குப் பாதிதான் விளங்கும். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எதற்குச் சொல்லவேண்டும்? அவர் என் சொந்த அண்ணனாக இருந்தாலும் சீல் உடையாமல்தான் இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

கேட்டில் ஒரு பெண் நின்றாள். காலையிலிருந்து நிற்பதாகச் செக்யூரிட்டி சொன்னார். உள்ளே விடக்கூடாதென்று உத்தரவு. டிரைவரின் மனைவி. விடியற்காலை பஸ்ஸில் ஹனூரிலிருந்து கிளம்பி வந்திருந்தாள்.

"ஏனுங்க, நீங்க இந்தக் கம்பெனிங்களா?" என்றாள். "எங்கூட்டுக்காரரு போனு எடுக்க மாட்டீங்குது. டேசன்ல வெச்சிருக்காங்கன்னு லாரியாபீசுல சொல்றாங்கோ. அவரு என்னத்தைங்க பண்ணுனாரு?"

"ஒண்ணும் பண்ணலை" என்றேன். "நீங்க மொதல்ல ஏதாவது சாப்பிடுங்கோ."

"சோறெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க. ஒண்ணும் பண்ணாதவர எதுக்குங்க புடிச்சு வெச்சிருக்காங்க?"

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எனக்குத் தெரியும். பாலிசிக்காக. அதை எப்படிச் சொல்வது? என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மண்டி மொஹல்லா நெரிசலில் ஆட்டோக்களுக்கு நடுவே நின்று நின்று போனபோது, பின்னால் அவள் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். கீழே விழுந்துவிடுவோம் என்ற பயமா, வேறு பயமா, தெரியவில்லை.

ஸ்டேஷனில் இரண்டு பெஞ்சுகள் காலியாக இருந்தன. டிரைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பெல்ட்டைக் கழற்றி வாங்கியிருந்ததால் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மனைவி அழ ஆரம்பித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ எதுக்கு வந்த? ஆட்ட யாரு பாக்கறா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், திருடன்னு சொன்னாக்கூடத் தொலையுதுன்னு உட்ருவனுங்க. அத்தன கல்ல நா ஒருத்தனே ஏத்துனன்னு சொல்றாங்களே, நானென்ன பீமனுங்களா? கூட்டாளி பேரச் சொல்லு, பேரச் சொல்லுங்கறாங்க. யாரு பேரச் சொல்லட்டும்?"

சப் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். போனில் இருந்த சீல் படத்தைக் காட்டினேன். பார்த்தார். "மேடம், நீங்க கம்பெனி ஆளா, டிரைவர் ஆளா?"

"கம்பெனிதான்."

"உங்க சார் ஒண்ணு சொல்றார், நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் எதை எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க. இன்னும் ரெண்டு பெட்டி சென்னையில இருக்கு சார். அதே வியாபாரி, அதே கப்பல். இவர் அதைத் தொட்டதுகூட இல்லை. அதைத் திறந்து பாத்தா தெரிஞ்சுடுமே!"

"சென்னை என் லிமிட் இல்லை" என்றார். சொல்லிவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார், எனக்கு மட்டும். நான் குடிக்கவில்லை.

வெளியே வந்து நின்ற இடத்திலிருந்தே சர்வேயருக்குப் போன் செய்தேன். மற்ற இரண்டு பெட்டிகளைப் பற்றிச் சொன்னதும், "உங்க சார் ஒரு பெட்டின்னுதானே சொன்னார்?" என்றார்.

"மூணு."

"மத்த ரெண்டை எப்போ வெளியே எடுக்கறார்?"

"இப்போதைக்கு வேண்டாம்னு துறைமுக ஏஜென்ட்கிட்ட சொல்லியிருக்கார்."

ஏன் வேண்டாமென்றார் என்று அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. அவற்றிலும் கல் இருந்தால் வழியில் திருட்டு என்ற கதை நிற்காது. "நானே போறேன்" என்றார்.

அவர் போனார். துறைமுகத்தில் சுங்கத்துக்காரர்கள் முன்னிலையில் இரண்டு பெட்டிகளும் திறக்கப்பட்டன. எங்கள் ஏஜென்ட் ஆபீஸுக்கு வீடியோ அனுப்பினார். கதவு திறந்ததும் முதல் வரிசை முழங்கால் உயரம், அதற்குப் பின்னால் தார்ப்பாய், இடுப்பு உயரம். பக்கத்து மேஜைக்காரரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அய்யோ" என்றார். எங்கள் கம்பெனி மூன்று மடங்கு ஏமாந்திருக்கிறது என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியும் கோபத்தைத்தான் கிளப்பியது. ஒரு நிரபராதியை வெளியே கொண்டுவர எவ்வளவு கல் தேவைப்படுகிறது!

அன்று சாயங்காலம் டிரைவரை விட்டார்கள். "கூப்பிட்டா வரணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. முதலாளி வாயிலும் வரவில்லை. அவர் அறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் போய், "சார், அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். "எனக்கு யாரும்மா சொல்றா?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், அதில் நல்லது குறைவு. வியாபாரிமேல் வழக்குப் போடவேண்டுமானால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்த வெளிநாட்டு ஊருக்குப் போய்த்தான் போடவேண்டும் என்றார் வக்கீல். அந்த ஊரில் வக்கீல் வைக்கிற செலவுக்குப் பயந்து முதலாளி கடிதம் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டார். வங்கி, காகிதம் சரியாக இருந்தது என்றது. சரக்கைச் சோதித்ததாகச் சான்றிதழ் கொடுத்த நிறுவனம், தாங்கள் பார்த்தபோது செம்புதான் இருந்தது என்றது. கப்பல் கம்பெனி, மூடிய பெட்டியை வாங்கி மூடிய பெட்டியைக் கொடுத்தோம் என்றது. எல்லோருமே மரியாதையாகத்தான் பதில் எழுதினார்கள். யாருடைய கன்னமும் வீங்கவில்லை. ஸ்டேஷன் தரையில் யாரும் உட்காரவில்லை. அத்தனை பேரில் பெட்டியைத் திறக்காமல் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒருத்தர்தான் அடி வாங்கினார்.

கம்பெனி மூடவில்லை. இடத்தை அடமானம் வைத்து ஓட்டினார்கள். என்னை இறக்குமதியிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். நட்டு போல்ட்டு எண்ணிக்கொண்டு கொஞ்ச காலம் இருந்துவிட்டு வேறு இடத்தில் வேலை தேடிக்கொண்டேன். அங்கேயும் செம்பு வாங்குகிற வேலைதான். சேர்ந்த சில மாதத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சுத்தமான செம்புத் தகடு, லண்டன் விலைக்குக் கணிசமான தள்ளுபடி, உடனே கப்பலில் ஏற்றத் தயார். கம்பெனிப் பெயர் வேறு. கீழே இருந்த போட்டோவில் அதே முகம், அதே கோட்டு. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் அடித்து வைத்ததில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புகார் செய்யச் சொல்லியிருக்கும் இடத்துக்கெல்லாம் அனுப்பினேன். கிடைத்தது என்று தானாக வரும் பதில்கள் வந்தன.

டிரைவருக்கு டிரான்ஸ்போர்ட்டில் மறுபடி வண்டி தரவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் போன ஆளாம், சரக்கு அனுப்புகிற பார்ட்டிகள் விரும்பமாட்டார்களாம். அவர் ஊரோடு போய்ச் சொந்தக்காரர் ஒருவரின் டிராக்டர் ஓட்டினார். ஒருநாள் மனைவியின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், எம்பட போன இன்னம் குடுக்கலீங்க. ஆதாரம்னு வாங்கி வெச்சவங்கதான். மூணு வாட்டி வந்து போய்ட்டனுங்க, இன்னைக்கு வா நாளைக்கு வாங்கறாங்க. நீங்க ஒருக்கா வந்தா குடுத்துருவாங்களாட்ட இருக்குது."

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் மாறியிருந்தார். ஒரு கான்ஸ்டபிள் அலமாரியைத் துழாவி, பிளாஸ்டிக் உறையில் இருந்த போனை மேஜைமேல் போட்டார். திரை குறுக்காக விரிசல் விட்டிருந்தது. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று கன்னடத்தில் எழுதிய தாளை வேகமாகப் படித்துக்காட்டி நீட்டி, "ஸைன் மாடு", கையெழுத்துப் போடு, என்றார்.

டிரைவருக்குக் கன்னடம் பேசத்தான் வரும், படிக்க வராது. தாளைக் கையில் வாங்கவே இல்லை.

"நல்ல நெலமைன்னு எழுதியிருக்குதுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்."

"நா குடுக்கறப்ப ஒரு கீறல் இல்லீங்க. ஒடைஞ்சிருக்குதுன்னு எழுதுங்க."

கான்ஸ்டபிள், போன் கிடைத்ததே பெரிசு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று என்னிடம் சலித்துக்கொண்டார். ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று வேறு பயமுறுத்தினார். டிரைவர் காலி பெஞ்சில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"பஸ்ஸு போனாப் போவுதுங்க" என்றார். "நீங்க எழுதுங்க."

'நல்ல நிலையில்' என்பதை அடித்துவிட்டு 'உடைந்த நிலையில்' என்று எழுதினேன். அவர் எழுந்து வந்து, அந்த வரியின்மேல் விரலை வைத்து என்னை வாசித்துக்காட்டச் சொன்னார். வாசித்தேன். அப்புறம்தான் பேனாவை வாங்கினார்.